தமையனாரின் வீச்சு

ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளுக்கு நடுவே நாளைக் கழிக்கும் எழுத்தர் ஒருவர் கோல்ஃப் ஆட்டத்தைப் பற்றி எழுத முற்பட்டால் அன்பர்கள் நகைக்கவே செய்வர். அந்த நகைப்புக்கு நாம் அஞ்சவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வாட்டத்தைக் கண்டு நகைத்தவர்தாம் நாமும். பொழுது போகாத செல்வர் ஒருவர், தொப்பியணிந்து, கோழிமுட்டையினும் சிறிய பந்தொன்றைக் குழியில் தள்ளுவதற்காக மைல் கணக்கில் நடக்கிறார். அவர் பின்னே அவருடைய பையைச் சுமந்துகொண்டு மற்றொருவர் நடக்கிறார். இதில் என்ன கலை இருக்கக்கூடும் என்பதே நம் எண்ணமாக இருந்தது. பையைச் சுமந்து பின்னே நடந்தவர் நம் உடன்பிறந்த தமையனார் என்பது அந்த எண்ணத்தை இன்னும் கசப்பாக்கிற்றே தவிரக் குறைக்கவில்லை.

2001ஆம் ஆண்டில் கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் மூடப்பட்டன. வட ஆர்க்காட்டிலிருந்து பாட்டனார் காலத்தில் அங்கே சென்று குடியேறிய குடும்பம் நம்முடையது. தந்தையார் சுரங்கத் தொழிலாளி. சங்கு ஊதுவது நின்றதும் ஊரே நின்றுபோயிற்று. அப்போது நமக்கு வயது பன்னிரண்டு, தமையனாருக்குப் பதினாறு. அவர் பள்ளியிறுதித் தேர்வை எழுதாமலே, மாரிகுப்பத்தில் விடியுமுன் புறப்படும் வண்டியில் ஏறிப் பெங்களூருக்கு வந்தார். தங்கவயல்காரர் பலரும் அந்த வண்டியில்தான் வேலை தேடி வந்தனர்; இன்றும் வந்துபோகின்றனர். கட்டட வேலை, காவல் வேலை என்று அலைந்து, கடைசியில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் பை சுமக்கும் வேலையில் அமர்ந்தார்.

அவ்வேலைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரைத் தமிழில் எழுதினால் 'கேடி' என்றாகும். நம்மவர் அச்சொல்லை எப்பொருளில் வழங்குகின்றனர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? குடியாத்தத்திலுள்ள அத்தைக்குக் கடிதம் எழுதுமாறு அம்மா பணித்தபோது, 'அண்ணன் பெங்களூரில் கேடியாக இருக்கிறார்' என்று எழுதிவிட்டு, உடனே அதை அடித்து, 'உத்தியோகத்தில் இருக்கிறார்' என்று திருத்தினோம். பள்ளியிலும் அப்படியே கூறி வந்தோம். அவர் அனுப்பிய பணத்தில்தான் நம் பள்ளிக் கட்டணம் கட்டப்பட்டது. 2005இல் நாம் பள்ளியிறுதித் தேர்வில் தேறியபோது அவர் வாங்கி வந்த கைக்கடிகாரம் இன்றும் ஓடுகிறது.

பெங்களூருக்கும் இவ்வாட்டத்துக்கும் உள்ள உறவு பழையது. சிட்டி நிலையத்துக்கும் கன்டோன்மென்ட் நிலையத்துக்கும் இடையிலுள்ள ஹை கிரவுண்ட்ஸ் பகுதியில் பெங்களூர் கோல்ஃப் கிளப் 1876இல் வெள்ளையரால் தொடங்கப்பெற்றது. கிழக்கே பழைய விமான நிலையச் சாலைக்கு அருகில் கர்நாடக கோல்ஃப் சங்கத்தின் மைதானம் இருக்கிறது. நகரம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்று சற்று மெலிந்தது; சென்னையில் அடிக்கும் அடியையே இங்கே அடித்தால் பந்து நூற்றுக்கு மூன்று பங்களவு கூடுதலாகச் செல்லுமாம். சென்னையிலிருந்து வருவோர் முதல் நாள் தம் வலிமையைத் தாமே மெச்சிக்கொள்வர் என்று தமையனார் கூறுவார்.

சென்ற மார்கழியில் அவருக்கு இடுப்புக்கு மேலே, முதுகின் அடிப்பகுதியில், கடுமையான வலி கண்டது. மருத்துவமனைக்குப் போய்வர வசதியாக இருக்கும் என்று ஸ்ரீராமபுரத்திலுள்ள நம் வீட்டில் வந்து தங்கினார். சுமை தூக்கக்கூடாது, கோலை வீசக்கூடாது, நடக்கலாம் என்பது மருத்துவர் ஆணை. நாற்பது வயது மனிதர் பகலெல்லாம் மொட்டை மாடியில் உலவினார். கையில் ஒரு பழைய கோல்; ஏழாம் நம்பர் அயர்ன் என்பார். அதை ஊன்றுகோலாக வைத்திருந்தாரேயன்றி வீசவில்லை. வீச முடியாமல் அதைக் கையில் வைத்திருப்பது அவருக்கு வேதனையாக இருந்தது என்பதை நாம் ஒருவாரம் கழித்தே உணர்ந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அவரை மகிழ்விக்கும் நோக்கத்துடன் அக்கோலை வாங்கினோம். செய்தித்தாளைக் கசக்கி உருண்டையாக்கித் தரையில் வைத்தோம். சிறு வயதில் கிட்டிப்புள் ஆடிய கை. இதில் என்ன கடினம் என்று தோன்றிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி அடித்தோம். காகித உருண்டை இருந்த இடத்திலேயே இருந்தது. கோல் சிமெண்டுத் தரையில் மோதி, அந்த அதிர்ச்சி முழங்கை வழியே பல் வரையில் ஏறிற்று. அடுத்த மாடியில் காய்ந்த அப்பளங்களை எடுத்துக்கொண்டிருந்த அம்மையார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தமையனாரோ பல நாட்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். சிரித்ததில் முதுகு வலித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீ அடிக்கப் பார்க்கிறாய், தம்பி. அடிக்காதே, வீசு" என்றார்.

அன்று தொடங்கி ஏறக்குறைய இருபது மாலைகள் அந்த மாடியில் பாடம் நடந்தது. ஆசிரியர் அசையாமல் நிற்க, மாணாக்கர் மட்டும் ஆடிய பாடம் அது. தாம் உடலால் அறிந்ததை அவர் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. அதனாலேயே நமக்கு விளங்கிற்று என்று நினைக்கிறோம். அவர் நலமாக இருந்து செய்து காட்டியிருந்தால், வியந்துவிட்டுக் கீழே இறங்கியிருப்போம்.

முதற்பாடம் நிற்பது. குனியச் சொன்னால் நாம் முதுகை வளைக்கிறோம். அது பிழை. வயலில் நாற்று நடும் பெண்களைப் பாருங்கள். அவர்கள் தொடை உடலோடு சேரும் மூட்டில் மடங்குகின்றனர், முதுகு பலகை போல் இருக்கிறது. அவ்வாறே மடங்கி, முழங்காலைச் சிறிது தளர்த்தி, கைகளைத் தோளிலிருந்து தொங்கவிட வேண்டும். நாற்காலியில் நாள் முழுதும் அமரும் நமக்கு இதற்கே நான்கு மாலைகள் ஆயின. மூட்டு எங்கே இருக்கிறது என்பதையே உடல் மறந்திருந்தது.

அடுத்தது கோலைப் பின்னே கொண்டு செல்வது. கோல் முதலில் நகர, கைகள், மார்பு, இடுப்பு என்று வரிசையாகத் திரும்புகின்றன. உடலின் எடை வலக்காலுக்குச் செல்கிறது. மேலே போன பின் நிறுத்திவிட்டுக் கீழே இழுப்பது போலப் பார்ப்பவருக்குத் தோன்றும். உண்மை அதுவன்று. கோல் இன்னும் பின்னே சென்றுகொண்டிருக்கும்போதே இடுப்பு முன்னே திரும்பத் தொடங்கிவிடுகிறது. மேற்பாதி ஒருபுறமும் கீழ்ப்பாதி மறுபுறமும் செல்ல, இடையிலுள்ள தசைகள் கவணின் ரப்பரைப் போல் இழுபடுகின்றன. திரும்பி வரும்போது வரிசை தலைகீழாகிறது: முதலில் தரையை மிதிக்கும் கால், பிறகு இடுப்பு, பிறகு மார்பு, பிறகு கை, கடைசியாகக் கோல்.

"வலிமை எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டோம்.

"தரையிலிருந்து" என்றார்.

இதைக் கேட்டபோது ஏதோ சாமியார் பேச்சுப் போல் இருந்தது. பின்னர்தான் அது கணக்குப் பேச்சு என்பது தெரிந்தது. நிற்குமிடத்தில் அழுத்தத்தை அளக்கும் தட்டுகளைப் பதித்து அறிஞர்கள் அளந்திருக்கின்றனர். தேர்ந்த ஆட்டக்காரர் கீழ்வீச்சில் இடக்காலால் தரையை அழுத்தும் விசை அவருடைய உடல் எடையையும் மிஞ்சுகிறது. தரை அதே அளவு விசையைத் திருப்பித் தருகிறது. அந்த விசையே கால் வழியே ஏறி இடுப்பைச் சுழற்றுகிறது. வழுக்கும் தரையில் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரரை நிறுத்தினாலும் அவருடைய பந்து நெடுந்தொலைவு போகாது.

ஆயினும், இடுப்பின் சுழற்சி கோலின் நுனிக்கு எவ்வாறு சென்று சேர்கிறது என்பது நமக்கு விளங்கவில்லை. அவரும் பலவாறு சொல்லிப் பார்த்தார். ஒருநாள் நாமே, "அண்ணா, இது லூஸ் ஷண்டிங் போலவா?" என்று கேட்டோம். ரயில்வே யார்டைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். எஞ்சின் சரக்கு வண்டிகளைத் தள்ளிக்கொண்டு போகும். வேகம் பிடித்ததும் எஞ்சின் சட்டென்று நிற்கும். கொக்கி மாட்டாத வண்டி மட்டும் விடுபட்டு, தானே தண்டவாளத்தில் ஓடும். எஞ்சின் நில்லாவிட்டால் வண்டி பிரியாது. அவருக்கு அச்சொல் புதிது. நாம் விளக்கியதும் கோலைக் கையில் வாங்கி, சிறிது நேரம் பேசாதிருந்து, "அதுதான், அதுவேதான்" என்றார்.

இடுப்பு உச்ச வேகத்தை அடைந்ததும் தளர்கிறது. அது தளரும்போது மார்பு வேகம் கொள்கிறது. மார்பு தளரக் கை விரைகிறது. கை தளரக் கோல் பறக்கிறது. கனமான உறுப்பு தன் வேகத்தை மெலிந்த உறுப்புக்கு ஒப்படைத்துவிட்டு நின்றுவிடுகிறது. பெற்றுக்கொண்டது மெலிந்ததாகையால் அதன் வேகம் பன்மடங்காகிறது. சாட்டையின் நுனி ஓசையிடுவதும் இதனால்தான். தொடக்கத்திலேயே கையால் இழுத்தால், எஞ்சின் தள்ளுமுன்பே வண்டியை ஆள் பிடித்துத் தள்ளுவதற்கு ஒப்பாகும். நாம் சிமெண்டுத் தரையில் செய்தது அதுவே.

இந்த உவமை பொருந்தியதில் நமக்குச் சிறிது கர்வம் உண்டாயிற்று என்பதை ஒப்புக்கொள்கிறோம். தமையனார் வாழ்ந்த உலகுக்குள் நாம் கொண்டு சேர்த்த முதற்பொருள் அது.

பின்பு நண்பர் ஒருவர் ஒரு நூலை இரவல் தந்தார். பிரிட்டனில் அலாஸ்டர் காக்ரன், ஜான் ஸ்டாப்ஸ் என்னும் இருவர் 1968இல் எழுதி வெளியிட்டது. பிழையற்ற வீச்சைத் தேடிச் செல்வது என்பது அதன் பெயரின் பொருள். பள்ளியிறுதி வரையில் கற்ற ஆங்கிலமும் அகராதியும் துணையாக, பல வாரங்கள் அதனோடு போராடினோம். ஒரு கோலின் நுனியில் இன்னொரு கோலைக் கீல் வைத்துத் தொங்கவிட்டாற்போன்ற இரட்டை ஊசல் என்று அவர்கள் இவ்வீச்சை விளக்குகின்றனர். தோளுக்கு அருகே முதற்கீல். மணிக்கட்டு இரண்டாம் கீல். மேல் ஊசலைச் சரியாகச் சுழற்றினால் கீழ் ஊசல் தானே வெளியே எறியப்படும். ஆகவே மணிக்கட்டை வேண்டுமென்று உதறத் தேவையில்லை. கைக்கும் கோலுக்கும் இடையிலுள்ள மடக்கை அவசரப்பட்டு அவிழ்க்காமல் இருந்தாலே போதும். இதைப் படித்துக் காட்டியபோது தமையனார், "இதை எழுதியவர் எவ்வளவு காலம் பை சுமந்தார்?" என்று கேட்டார். அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை.

இத்தனையும் எவ்வளவு நேரத்தில் நடக்கிறது? பின்வீச்சுக்கு முக்கால் வினாடியளவு. கீழ்வீச்சுக்குக் கால் வினாடியளவு. கண்ணால் கண்டு, மூளை முடிவு செய்து, கை அசைவதற்கே ஏறத்தாழ வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகிவிடுகிறது. கீழே வரத் தொடங்கிய கோலைத் திருத்த நேரமே இல்லை. தொழில்முறை ஆடவரின் கோல்முனை மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தை எட்டுகிறது. நம் வந்தே பாரத் வண்டிகள் பயணிகளுடன் ஓட அனுமதி பெற்ற உச்ச வேகம் 160 கிலோமீட்டர்தான். பந்தின் எடை 46 கிராமுக்கு உட்பட்டது. கோல்முனையும் பந்தும் தொட்டிருக்கும் நேரம் வினாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் பந்து நசுங்கி, மீண்டு, கோலைக் காட்டிலும் ஒன்றரை மடங்கு வேகத்தில் புறப்பட்டுவிடுகிறது. அதன் பின் மனிதர் செய்யக்கூடியது பார்த்துக்கொண்டிருப்பது ஒன்றே.

வேகம் ஒன்றே ஆட்டமாகிவிடாது என்பதற்கும் நம் நகரிலேயே சான்று உண்டு. 1998இல் பெங்களூரில் பிறந்த அதிதி அசோக், ஐந்து வயதளவில் கர்நாடக கோல்ஃப் சங்க மைதானத்தில் கோலைப் பிடித்தவர். 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றார். பதக்கத்துக்கான மறு ஆட்டத்துக்கு ஒரே ஓர் அடி குறைந்தது. பந்தைத் தொலைதூரம் அனுப்புவோர் வரிசையில் அவர் முன்னே நிற்பவரல்லர். குழியருகே பந்தை உருட்டும் நுட்பமே அவருடைய பலம். அங்கே அவருடைய பையைச் சுமந்தவர் அவருடைய தாயார். இதைத் தமையனார் தனியாக எடுத்துச் சொன்னார். பை சுமப்பவர் எந்தக் கோலை எடுப்பது, காற்று எப்பக்கம், தரை எப்படிச் சரிகிறது என்றெல்லாம் சொல்பவர். சுமை அவ்வேலையில் ஒரு பகுதியே என்றார். அதை அறிந்துகொள்ள நமக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாயின.

கேடிகளுக்கு மற்றொரு பெயரும் மனப்பாடம்: முனியப்பா. பெங்களூரில் கேடியாக இருந்து தொழில்முறை ஆட்டக்காரராகி, 2009இல் குர்கானில் நடந்த இந்திய ஓபன் போட்டியில் தென்கொரிய ஆட்டக்காரர் ஒருவரை மறு ஆட்டத்தில் வென்று பட்டம் பெற்றார். அந்த இரவு பெங்களூரின் கேடிகள் பலரும் உறங்கவில்லை என்று தமையனார் சொன்னார். அவருக்கு அப்போது வயது இருபத்து நான்கு. திங்கட்கிழமைகளில் உறுப்பினர் வராத வேளையில் கேடிகள் ஆடலாம் என்று அவருடைய கிளப்பில் அனுமதி இருந்தது. அவ்வாறு ஆடி ஆடி, அவரும் நன்றாகவே ஆடிக்கொண்டிருந்தாராம். இதுவும் நாம் அறியாதது.

"அப்படியானால் நீங்கள் ஏன் அந்த வழியில் போகவில்லை?" என்று கேட்டோம்.

"போகத்தான் இருந்தேன். அதற்குத் தேர்வு உண்டு. பணம் கட்ட வேண்டும், வெளியூர் போய்த் தங்க வேண்டும். கொஞ்சம் சேர்த்தும் வைத்திருந்தேன். அடுத்த ஆண்டு முடியாமல் போயிற்று" என்றார்.

அடுத்த ஆண்டென்றால் 2010. அவ்வாண்டில்தான் ரயில்வே வேலைக்கான தேர்வுப் பயிற்சிக்கு நமக்குப் பணம் வேண்டியிருந்தது. தபால் அலுவலகத்திலிருந்து எடுத்து வந்த நோட்டுகளைத் தமையனார் நம் கையில் வைத்தது நன்றாக நினைவிருக்கிறது. எதற்காகச் சேர்த்த பணம் என்று நாம் கேட்கவில்லை. கேடிக்குச் சேமிப்பு எதற்கு என்றே அன்று எண்ணியிருப்போம். அந்தப் பயிற்சியின் பயனாகக் கீழ்நிலைப் பணியில் சேர்ந்து, பிறகு துறைத் தேர்வெழுதி எழுத்தரானோம். மாடியில் இருள் கவிந்திருந்தது. நாம் ஏதோ சொல்ல வாயெடுத்தோம். அவர், "மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கிறாய். குருவியைப் பிடிப்பது போல் பிடி" என்று பாடத்துக்குத் திரும்பிவிட்டார். அவர் வென்றிருப்பாரா என்பதை எவரும் சொல்ல இயலாது. போய்ப் பார்த்திருப்பார்.

அவருடைய முதுகுக்கு வருவோம். அச்செய்தி சுமை தூக்கும் நம்மவர் எல்லாருக்கும் பயன்படும். மருத்துவர் முதுகெலும்பின் மாதிரி ஒன்றை மேசைமேல் வைத்துக் காட்டினார். கீழ்முதுகிலுள்ள ஐந்து எலும்புகளும் குனிவதற்கும் நிமிர்வதற்கும் ஏற்றவை. சுழல்வதற்கு ஏற்றவை அல்ல. ஐந்தும் சேர்ந்து ஒருபுறமாகத் திரும்புவது பத்துப் பாகை அளவேயாகும். உடல் திரும்புவதாக நாம் காண்பதெல்லாம் மேலே மார்புக்கூடும் கீழே தொடை மூட்டும் செய்யும் வேலை. அவையிரண்டும் திரும்ப மறுத்தால், திரும்ப மாட்டாத எலும்புகளின் தலையில் அப்பணி விழுகிறது. 1990இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டபோது, தொழில்முறை ஆட்டக்காரரின் கீழ்முதுகில் ஒவ்வொரு வீச்சின்போதும் உடல் எடையைப்போல் எட்டு மடங்கு அழுத்தம் விழுவது தெரியவந்தது. சில சரக்கு வண்டிகளின் பக்கத்தில் 'லூஸ் ஷண்ட் செய்யாதீர்' என்று எழுதியிருக்கும். முதுகெலும்பின்மீதும் கடவுள் அவ்வாறு எழுதியிருக்கலாம்.

தமையனாரின் வீச்சு பார்த்துக் கற்றது. 1992இல் ஜிம் மெக்லீன் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர், தோள் எவ்வளவு திரும்புகிறதோ அதைவிட இடுப்பு மிகக் குறைவாகத் திரும்ப வேண்டும், அந்த வேறுபாடே தொலைவைத் தரும் என்று எழுதி, அதற்கு 'எக்ஸ் ஃபாக்டர்' என்று பெயரிட்டார். அக்கருத்து உலகெங்கும் பரவிற்று. உறுப்பினர்கள் அதைப் பின்பற்றினர். பின்னே நின்ற கேடிகளும் பார்த்துப் பழகினர். இடுப்பை இறுக்கி நிறுத்திவிட்டுத் தோளை முறுக்குவது இளம் உடலுக்குத் தொலைவைத் தருவது உண்மையே. ஆனால் உறுப்பினருக்குப் பயிற்சியாளர் இருந்தார், பிடித்துவிட ஆள் இருந்தார், வலித்தால் ஓய்வு இருந்தது. கேடிக்கு இருந்தது பை. ஒரு பை பன்னிரண்டு முதல் பதினைந்து கிலோ. பதினெட்டுக் குழிக்கு எட்டு கிலோமீட்டருக்குக் குறையாத நடை. இதை இருபத்து மூன்று ஆண்டுகள் ஒரே தோளில், இடத்தோளிலேயே, அவர் சுமந்திருக்கிறார். சட்டையைக் கழற்றினால் தோள்கள் ஒரு மட்டத்தில் இல்லாதது கண்ணுக்கே தெரியும். நாம் அதுவரை பார்த்ததில்லை.

டைகர் உட்ஸுக்கே 2017இல் கீழ்முதுகு எலும்புகளை இணைக்கும் அறுவை நடந்தது. 2019இல் மீண்டும் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார். அதைச் சொல்லித் தமையனாரைத் தேற்ற முயன்றோம். "அவர் பையை அவரா சுமந்தார்?" என்றார். அதற்கு மறுமொழி இல்லை.

அறுவை வேண்டாம், பயிற்சியால் சரிசெய்யலாம் என்று மருத்துவர் முடிவு செய்தார். உடற்பயிற்சி கற்பித்த பெண்மணி சொன்னவை எளியவை. தொடை மூட்டைத் தளர்த்துவது, பிட்டத் தசையை வலுப்படுத்துவது, மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துவது. நாமும் அவருடன் படுத்துச் செய்தோம். நாற்காலி முதுகுக்கும் அது நன்மை செய்கிறது என்பதை எழுத்தர் அன்பர்களுக்குச் சொல்லி வைக்கிறோம். வீச்சிலும் ஒரு மாற்றம்: பின்னே செல்லும்போது இடக்குதிகாலைத் தரையிலிருந்து எழ விடுவது. குதிகால் எழுந்தால் இடுப்பு தடையின்றித் திரும்பும், முதுகு முறுக்கப்படாது. பாபி ஜோன்ஸ், ஜாக் நிக்லாஸ் போன்ற பழைய பெரியவர்கள் அவ்வாறே ஆடினர். பழைய படங்களை நாம் தேடி எடுத்துக் காட்டினோம். இருபது ஆண்டுப் பழக்கத்தை உடல் விடாது. வெறுங்கையோடு மாடியில், குதிகாலை எழுப்புவதும் வைப்பதுமாக, கோலம் பழகும் சிறுமியைப் போல் அவர் திரும்பத் திரும்பச் செய்தார்.

பங்குனியில் மருத்துவர் அரைவீச்சுக்கு அனுமதி தந்தார். ஒரு திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு நாமும் உடன் சென்றோம். அந்த வாயிலுக்குள் நாம் நுழைவது அதுவே முதல் முறை. அங்கிருந்த கேடிகள் நம்மைக் கண்டதும், "ரயில்வே தம்பி இவர்தானே?" என்று கேட்டனர். நம் வேலை, நம் மகளின் பள்ளி எல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்களில் ஒருவர் பெயரையும் நாம் அறியோம்.

தமையனார் தம் பழைய பையை எடுக்கக் குனிந்தார். நாம் முந்திக்கொண்டு எடுத்துத் தோளில் மாட்டினோம். அவர் ஒருகணம் தயங்கினார். பிறகு வாரைச் சற்று இறுக்கிவிட்டு முன்னே நடந்தார். வார் சட்டையின் மேலேயே தோளைக் கடித்தது. முதல் மேட்டை எட்டுவதற்குள் நமக்கு மூச்சு வாங்கிற்று.

பனி இன்னும் புல்லில் இருந்தது. அவர் நின்றார், முதுகு பலகை போல் இருந்தது. கோல் பின்னே சென்றது. இடக்குதிகால் மெல்ல எழுந்தது. குதிகால் தரையைத் தொட்டதையும், இடுப்பு திரும்பி நின்றதையும், அதன் பின்னே கை வந்ததையும் நாம் கண்டோம்; அல்லது கண்டதாக நினைத்தோம். சிறிய, தெளிவான ஓர் ஓசை எழுந்தது. அவர் முதுகைப் பிடித்துக்கொள்ளவில்லை.

"எங்கே போயிற்று?" என்று கேட்டார்.

நாம் விழித்தோம்.

"பந்தைப் பார்க்காமல் என்னையா பார்த்துக்கொண்டிருந்தாய்? பந்து எங்கே விழுகிறது என்று பார்ப்பதுதான் கேடிக்கு முதல் வேலை" என்றார். பின்பு தாமே இடப்பக்கத்துப் புதரைக் கைகாட்டினார். "தோளை மாற்றிக்கொள்" என்று சொல்லிவிட்டு நடந்தார். நாம் பையை வலத்தோளுக்கு மாற்றிக்கொண்டு பின்னே சென்றோம்.